பட்டம் கையில், முத்திரை லண்டனில்

"ஒன்லைனில் படித்த பட்டத்துக்கு வெளிநாட்டில் வேலை விசா தருவார்களா?" காரைதீவில் எங்கள் வீதியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத வீடு குறைவு. அப்படியொரு பட்டத்தை வைத்துக்கொண்டு நான் டுபாய்க்குப் புறப்பட்டதும், புறப்பட்ட இடத்திலேயே நின்றதும் ஊரறிந்த சங்கதி. தருவார்கள் என்றும் சொல்லலாம், தரமாட்டார்கள் என்றும் சொல்லலாம்; இரண்டுக்கும் என்னிடம் ஆள் சாட்சி இருக்கிறது. நான் அலைந்த காலத்தில் இதை யாராவது தமிழில் ஒழுங்காக எழுதிவைத்திருந்தால் எனக்கு ஒரு வேலையும் சில இலட்சம் ரூபாவும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். இடையிடையே நின்று புத்தி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படித்தேன். மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குக் காணவில்லை. கல்முனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பிரித்தானிய நிறுவனமான பியர்சன் வழங்கும் எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமாவைப் படித்து முடித்து, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது கொழும்பு நிறுவனம் ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. எச்.என்.டி. வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே ஒரே வருடத்தில் பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டம் பெறலாம் என்றது. டொப்-அப் என்று எல்லாரும் சொல்லும் முறை இதுதான். பிரித்தானியத் தகுதிச் சட்டகத்தில் எச்.என்.டி. ஐந்தாம் மட்டம், இளமாணிப் பட்டம் ஆறாம் மட்டம். அந்தக் கடைசி மட்டத்தை மட்டும் படித்துப் பட்டத்தை முடிக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. என் பல்கலைக்கழகமும் உண்மையானது, பட்டம் வழங்கும் அதிகாரம் உடையது. கட்டணம் 2,400 பவுண், மூன்று தவணை.

முதல் தவணையை 2021 கடைசியில் கட்டியபோது ஒரு பவுண் ஏறக்குறைய 270 ரூபா. அப்பா பெரும்போக வேளாண்மையை நம்பி மிச்சத்துக்குப் பொறுப்பேற்றார். அந்த வருடந்தான் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடைசெய்த வருடம். கதிர் வந்தது, மணி வரவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். சில வாரங்களில் பவுண் 400 ரூபாவைத் தாண்டியது. முதல் தவணைக்கு இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேலே கொடுத்த நாங்கள், அதே 800 பவுணுக்குக் கடைசித் தவணையில் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் கொடுத்தோம். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது அப்போதுதான். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஒப்படையைப் பதிவேற்ற ஆலையின் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைப் பார்த்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். முதலாளி நல்ல மனிதர். டீசல் வரிசையில் பெற்ற எண்ணெய் எனக்காகவும் எரிந்தது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் கட்டும் படிப்பு என்றால், இன்றைய நாணய மாற்றைப் பெருக்கிப் பார்த்துவிட்டு வீட்டில் கணக்குச் சொல்லாதீர்கள். ரூபாவில் நிலையான கட்டணம் தருவார்களா, தவணைகளை முன்கூட்டியே கட்டினால் கழிவு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழ் 2023இல் கையில் கிடைத்தது. தடித்த தாள், புடைப்பு முத்திரை. அம்மா அதைச் சாமியறையில் வைத்து எடுத்தார். அடுத்த வருடம் டுபாயில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கும் சின்னம்மாவின் மகன் அழைத்தான். "அக்கா, எங்கள் கம்பனிக்குப் பக்கத்துக் கம்பனியில் கணக்காளர் தேவையாம். உங்களுடைய சி.வி.யை அனுப்பட்டுமா?" அனுப்பினான். இரண்டு நேர்காணலும் வீடியோவில் நடந்தன. நியமனக் கடிதம் வந்தது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: உறுதிப்படுத்தப்பட்ட பட்டச் சான்றிதழ் சமர்ப்பிக்கப்பட வேண்டும். அந்த வரியில்தான் என் வருடம் போய் விழுந்தது.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் மனிதவள அமைச்சு தொழில்களை மட்டம் மட்டமாகப் பிரித்திருக்கிறது. முகாமையாளர்கள் முதல் மட்டம், கணக்காளர் போன்ற தொழில்வாண்மையாளர்கள் இரண்டாம் மட்டம். இவ்விரண்டுக்கும் இளமாணிப் பட்டம் வேண்டும். தொழில்நுட்ப உதவியாளர்கள், எழுதுவினைஞர்கள் அடுத்த மட்டங்கள். அவற்றுக்கு டிப்ளோமா போதும். ஐந்தாம் மட்டத்துக்கு உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ். திறன்மிக்க தொழிலாளர் என்ற வகைக்குள் வர வேண்டுமென்றால் சம்பளமும் 4,000 திர்ஹத்துக்குக் குறையக்கூடாது, சான்றிதழும் உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆகவே உங்களுடைய விசாவில் என்ன பதவிப் பெயர் எழுதப்போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். "கணக்குப் பிரிவில் வேலை" என்று வாயால் சொல்வதில் பயனில்லை. கணக்காளர் என்றால் ஒரு கடதாசி, கணக்கு எழுதுவினைஞர் என்றால் வேறொரு கடதாசி.

நான் படித்த கொழும்பு நிறுவனத்துக்கு அழைத்தேன். உறுதிப்படுத்தல் எல்லாம் நாங்களே செய்து தருவோம், 45,000 ரூபா என்றார்கள். கட்டினேன். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: சான்றிதழைப் பிரதி எடுத்து, ஒரு நொத்தாரிசிடம் உண்மைப் பிரதி என்று கையெழுத்து வாங்கி, சிவப்பு நாடா கட்டித் தந்தார்கள். மிச்சத்தை வெளிநாட்டலுவல்கள் அமைச்சில் நீங்களே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் கொழும்பில் இறங்கி, பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கும் கொன்சியுலர் பிரிவில் போய் நின்றேன். கருமபீடத்தில் இருந்த பெண் உத்தியோகத்தர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "இது பிரித்தானியப் பல்கலைக்கழகம் கொடுத்தது. நாங்கள் இலங்கையில் வழங்கப்பட்ட ஆவணங்களின் கையொப்பத்தைத்தான் உறுதிப்படுத்துவோம். நீங்கள் லண்டனில் ஆரம்பிக்க வேண்டும், தங்கச்சி." அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். பணம் வாங்கியவர்கள் சொல்லாததை என்னிடம் பணம் வாங்காமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். அங்கே படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

இந்த விடயத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு பட்டத்தை எந்த நாட்டில் வழங்கினார்களோ அந்த நாட்டில்தான் அதன் உறுதிப்படுத்தல் தொடங்கும். நீங்கள் எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்பது கணக்கில் வராது. நான் காரைதீவை விட்டு ஓர் அடி நகராமல் படித்திருந்தாலும் சான்றிதழ் பிரித்தானிய ஆவணம். அதை அங்குள்ள ஒரு சட்டத்தரணி பல்கலைக்கழகத்துடன் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். பிறகு பிரித்தானிய வெளிவிவகார அலுவலகத்தின் அப்போஸ்தில் முத்திரை, அதாவது ஒரு நாட்டு ஆவணத்தை அதற்கான உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கச் செய்யும் முத்திரை. ஐக்கிய அரபு இராச்சியம் அப்போஸ்தில் உடன்படிக்கையில் இல்லாததால் அதற்குமேல் லண்டனிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. கடைசியில் டுபாயில் அவர்களுடைய வெளிவிவகார அமைச்சின் முத்திரை. கட்டாரும் குவைத்தும் இதேபோல் தூதரகம் வழியாகத்தான். ஓமான், பஹ்ரைன், சவூதி அரேபியா உடன்படிக்கையில் இருப்பதால் அங்கே இந்தச் சங்கிலி ஒரு கண்ணி குறைவு. இந்தியப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் படித்தவர்களுக்கும் இதே கதைதான்: மாநில அரசு, டெல்லியில் வெளியுறவு அமைச்சு, பிறகு தூதரகம். யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதினேன், மட்டக்களப்பில் வகுப்புக்குப் போனேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

மூலச் சான்றிதழைக் கூரியரில் லண்டனுக்கு அனுப்பினேன். அதைப் பொதியிட்டுக் கொடுத்த அன்றிரவு நித்திரை வரவில்லை. தொலைந்தால் இன்னொன்று எடுக்க எவ்வளவு காலமாகும் என்ற நினைப்பு. அங்கே ஒரு உறுதிப்படுத்தல் முகவர் வேலையை எடுத்துக்கொண்டார். சில நாட்களில் மின்னஞ்சல் வந்தது: சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றல்ல. நம் எல்லாருக்கும் இருக்கும் தலையிடி இது. பாடசாலையிலிருந்து முதலெழுத்துடன் பெயர் எழுதிப் பழகியவர்கள் நாம். கல்லூரிப் பதிவில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். ஊரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. லண்டனில் ஒரு சட்டத்தரணிக்கு அவை இரண்டு வேறு மனிதர்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதி, கடவுச்சீட்டுப் பிரதியும் சத்தியக்கடதாசியும் அனுப்பி, பழைய சான்றிதழை ஒப்படைத்து, கட்டணம் கட்டிப் புதியது எடுக்க வேண்டியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதை மட்டுமாவது இன்றே செய்யுங்கள்: பல்கலைக்கழகத்தின் மாணவர் கணக்கில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் அச்சாகும் முன் திருத்தினால் காசு செலவில்லை.

அடுத்து டுபாய்க் கம்பனியின் அலுவலர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டார்: படித்த முறை என்ன, படித்த இடம் எது, தொடங்கிய திகதி, முடித்த திகதி. இந்த இடத்தில்தான் ஒன்லைன் என்ற சொல் முதன்முதலாக மேசைக்கு வந்தது. என் சான்றிதழில் அந்தச் சொல்லே கிடையாது. முழுநேரமாகப் படித்தவர்களுக்கும் எனக்கும் ஒரே வாசகம். "சான்றிதழில் ஒன்லைன் என்று வராது, பயப்படாதீர்கள்" என்று கல்லூரிக்காரர் முன்பு சொன்னதும் உண்மைதான். ஆனால் கடிதத்தில் வந்தது: தொலைக்கல்வி, இலங்கை. பெறுபேற்று அறிக்கையில் இறுதி வருடப் பாடங்கள் மட்டும் இருந்ததால், மிச்ச இரண்டு வருடம் எங்கே என்ற கேள்வியும் வந்தது. எச்.என்.டி. சான்றிதழையும் அதன் பெறுபேறுகளையும் காட்ட வேண்டியிருந்தது. அதுவும் பிரித்தானிய ஆவணம், அதற்கும் தனியாக அதே சங்கிலி. கடைசியில் தூதரக முத்திரை விழுந்தது, இரண்டிலும். தனியார் துறையில் என்னைப் போன்ற ஒரு பதவிக்கு அது போதும் என்று அந்த அலுவலரே எழுதினார். அதே மின்னஞ்சலின் கீழ்ப்பகுதியில், காலதாமதம் காரணமாக அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

அந்த மின்னஞ்சலை நான் ஆலையில் இருந்து படித்தேன். நல்லவேளையாக வேலையை விட்டிருக்கவில்லை. அம்மா, "நீ போகப்போகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கோபம் யார் மீது என்று தெரியாமல் சில மாதம் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன். கூரியர், சட்டத்தரணி, முகவர், தூதரகக் கட்டணம், புதிய சான்றிதழ், கொழும்பில் கொடுத்த அந்த 45,000 எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்கு மேல் போயிற்று.

மட்டக்களப்பில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவளும் வீட்டிலிருந்தபடி, வேலை செய்துகொண்டே படித்தவள்தான். ஆனால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில், மட்டக்களப்பு நிலையத்தில் பதிந்து. அதுவும் தொலைக்கல்விதான். 1980இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம் என்பதால் அவளுடைய பட்டம் இலங்கை ஆவணம். பத்தரமுல்லையிலும் கொழும்பிலுள்ள தூதரகத்திலும் அவளுடைய வேலை முடிந்தது. அவள் இப்போது ஷார்ஜாவில் கணக்காளர். எங்கள் இருவருக்கும் படித்த முறை ஒன்று, கிடைத்த பலன் வேறு. வெளிநாட்டுப் பெயர் என்றால் பட்டத்துக்கு மதிப்புக் கூடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சில முதலாளிகளிடம் கூடலாம். விசா அலுவலகத்தில் அது கூடுதல் கடதாசி மட்டும்தான். நான்கு வருடம் பொறுமை உள்ளவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தையும் கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வெளிவாரிப் பட்டங்களையும் முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு பவுணைப் பற்றி யோசியுங்கள்.

படித்த முறையே கதவைச் சாத்தும் இடங்களும் உண்டு. வளைகுடாவில் அரச வேலை என்றாலும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் தொழில் என்றாலும் தூதரக முத்திரையோடு விடயம் முடியாது. அந்த நாட்டின் கல்வி அமைச்சு பட்டத்தைத் தன்னுடைய பட்டத்துக்குச் சமம் என்று ஏற்க வேண்டும். கட்டாரும் குவைத்தும் இந்தச் சமப்படுத்தலில் தொலைக்கல்வி விடயத்தில் நெடுங்காலமாக இறுக்கமானவை. என் மாமியின் மகள் தாதி. டிப்ளோமாவுக்குமேல் ஒன்லைனில் தாதியியல் இளமாணி முடித்தாள். பட்டம் நல்லதுதான். ஆனால் வளைகுடாச் சுகாதாரத் துறைகளில் டேட்டாபுளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம், பட்டம் கொடுத்த நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள், தொழில் பதிவும் அனுபவமும் கேட்பார்கள். அவளைப் பதிவுக்குக் கொண்டுபோனது அவளுடைய பழைய மூன்று வருடப் பயிற்சியும் வைத்தியசாலைச் சேவையும்தான். ஒன்லைன் பட்டம் சம்பளப் பேச்சில் மட்டும் உதவியது. தாதி, மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர் என்று எங்கெல்லாம் ஒரு சபை பதிவு கொடுக்க வேண்டுமோ, அங்கெல்லாம் அந்தச் சபையின் விதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். விசா அதற்குப் பின்னால் வரும்.

மற்ற நாடுகளைப் பற்றியும் நான் தேடினேன், வேறு வேலை இல்லாத இரவுகள் நிறைய இருந்தன. பிரித்தானியா: அங்கே திறன்மிகு தொழிலாளர் விசாவுக்குப் பட்டம் ஒரு நிபந்தனையே இல்லை. அனுமதி பெற்ற முதலாளி வேண்டும், வேலை குறிப்பிட்ட மட்டத்தில் இருக்க வேண்டும், சம்பளம் போதுமானதாக இருக்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அந்த மட்டத்தைப் பட்டப்படிப்பு மட்டத்துக்கு உயர்த்தி, பொதுவான சம்பள எல்லையையும் 41,700 பவுணாக்கினார்கள். மட்டம் என்பது வேலைக்கு உரியது, உங்களுடைய சான்றிதழுக்கு உரியதல்ல. "எங்களிடம் பிரித்தானியப் பட்டம் எடுத்தால் அங்கே இரண்டு வருட வேலை விசா" என்று யாராவது சொன்னால் அவர்கள் பட்டதாரி விசாவைச் சொல்கிறார்கள். அது மாணவர் விசாவில் அங்கே போய்ப் படித்தவர்களுக்கு மட்டும். கல்முனையில் இருந்து படித்தவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. கனடாவின் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதியும் அப்படியே, அங்கே போய் வகுப்பில் இருந்து படித்திருக்க வேண்டும். ஆனால் கனடாவின் நிரந்தர வதிவிடப் புள்ளிக் கணக்குக்கு ஒன்லைன் பட்டத்தையும் காட்டலாம், டபிள்யூ.ஈ.எஸ். போன்ற அமைப்பு மதிப்பிட்டுத் தரும் அறிக்கை ஐந்து வருடம் செல்லும். அவர்கள் பார்ப்பது வழங்கிய நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்பதை.

ஜேர்மனியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் மதிப்பிட்டு வைத்திருக்கும் அனாபின் என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் பெற்றது, என்று இருக்கிறதா, உங்கள் பட்டமும் அங்கே இருக்கிறதா என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பட்டம் இல்லையென்றால் காசு கட்டி ஒப்பீட்டு அறிக்கை கேட்கலாம். கணினித் துறைக்காரருக்கு அங்கே ஒரு சலுகையும் உண்டு: கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலே நீல அட்டை எனப்படும் வேலை, வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவில் மூன்று வருட வேலை அனுபவத்தை ஒரு வருடப் படிப்பாகக் கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. ஜப்பானில் பொறியியல், மனிதவியல் வேலை விசாக்களுக்குப் பட்டம் இல்லாதவர் பத்து வருட அனுபவத்தைக் காட்டலாம். ஆகவே பட்டம் எடுப்பதற்கு முன்னால், போக நினைக்கும் நாட்டுக்குப் பட்டம் தேவையா என்று பாருங்கள். அரிசி ஆலையில் நான் எழுதிய கணக்குக்கு முதலாளி கொடுத்த சேவைக் கடிதம் சில இடங்களில் பட்டத்தைவிட அதிகம் பேசும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதையும் முறையாக, திகதியும் பதவியும் முழுநேரம் என்பதும் குறிப்பிட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையான பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் பாடு. அக்கரைப்பற்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் முதுமாணிப் பட்டம் ஒன்றை அமெரிக்கப் பெயர் கொண்ட ஒரு இடத்திலிருந்து சில வாரங்களில் பெற்றார். "வாழ்க்கை அனுபவத்துக்குப் பட்டம்" என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அங்கீகாரம் கொடுத்த அமைப்பையும் அதே ஆட்களே நடத்தியிருக்கிறார்கள். அவருடையது முத்திரைக் கட்டத்துக்கே வரவில்லை. சட்டத்தரணி சரிபார்த்த முதல் நாளே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட சான்றிதழை விசாவுக்குக் கொடுத்து அகப்பட்டால் பணத்தோடு போகாது, போலி ஆவணம் என்று பதிவாகி அடுத்த விண்ணப்பங்களையும் கெடுக்கும். சரிபார்ப்பது கடினமே இல்லை. பிரித்தானியா என்றால் பட்டம் வழங்கும் அதிகாரமுள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கமே வெளியிட்டிருக்கிறது. அமெரிக்கா என்றால் கல்வித் திணைக்களத்தின் அங்கீகாரத் தரவுத்தளம். இந்தியா என்றால் அவர்களுடைய பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைக்கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை இணையவழியில் நடத்தலாம் என்று வருடாவருடம் பட்டியல் போடுகிறது.

"யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது" என்று நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் வாசகத்தையும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வெளிநாட்டுப் பட்டங்களைப் பொறுத்தவரை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்கிறதா என்பதை. இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அங்கீகாரம். கல்முனையில் மாடி வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துபவருக்கு அல்ல. இலங்கையில் அரச வேலைக்கு அந்தக் கடிதம் உதவும். டுபாயில் யாரும் அதைக் கேட்கவில்லை. அதேபோல் வேலை எடுத்துத் தருகிறோம் என்று பட்டத்தையும் விசாவையும் ஒன்றாகக் கட்டி விற்பவர்கள் வந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அவர்களிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இடையில் வேறொரு கம்பனி கணக்கு எழுதுவினைஞர் என்ற பெயரில் விசா தர முன்வந்தது. வேலை கணக்காளருடையது, சம்பளம் 3,500 திர்ஹம். பலர் இப்படிப் போய் உள்ளே நுழைந்தபின் பதவியை மாற்றிக்கொள்கிறார்கள், அது தப்பென்று நான் சொல்லமாட்டேன். நான் போகவில்லை. முத்திரை விழுந்த பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குக் கீழே ஒப்பமிட மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். அங்கே குடும்பத்தை அழைத்துக்கொள்ள இப்போது பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, சம்பளத்தைப் பார்க்கிறார்கள். 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000. அந்தக் கடிதத்தில் தங்குமிடமும் இருக்கவில்லை. தூதரக முத்திரைக்குக் காலாவதி இல்லை என்பதால் சி.வி.யின் முதல் பக்கத்திலேயே "பட்டம் உறுதிப்படுத்தப்பட்டது" என்று எழுதி விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு பதிலே போடாத கம்பனிகள் இப்போது பதில் போடுகின்றன.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு அண்ணர் மகளுடன் வந்தார். கையில் ஒரு பளபளப்பான கையேடு, 50,000 ரூபா முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டு. பிள்ளை கெட்டிக்காரி, எச்.என்.டி. முடித்தவள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து கையேட்டில் இருந்த பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதினோம். இலங்கையில் இந்த நிறுவனம் உங்கள் பங்காளியா, ஒப்பந்தம் எந்தத் திகதி வரை? சான்றிதழும் பெறுபேற்று அறிக்கையும் யார் பெயரில், எந்த நாட்டில் வழங்கப்படும்? படித்த முறையும் இடமும் எந்த ஆவணத்தில் எழுதப்படும்? தூதரக உறுதிப்படுத்தலுக்குச் சட்டத்தரணி கேட்டால் சரிபார்த்துத் தருவீர்களா? அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நிறுவனத்துக்குப் பிரதி போடவில்லை.

அந்த வாரமே பதில் வந்தது. அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களை மட்டும் முடிக்க அனுமதிக்கிறோம், புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள். அண்ணர் அதை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். முதலில் முற்பணம் திருப்பித் தரப்படாது என்றார்கள். கடிதத்தின் தலைப்பைப் பார்த்தபின் பாதியைக் கொடுத்தார்கள். மீதி 25,000க்கு நுகர்வோர் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளை திறந்த பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள், கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயருடன்.